படகின் ஹைட்ராலிக் ஸ்டியரிங்: ஆயில் ஒழுகுகிறது, காற்றும் போகவில்லை. கிருஷ்ணகிரி பக்கம் யாராவது பார்த்ததுண்டா?

காவேரிப்பட்டணத்தான்:
வணக்கம். நான் காவேரிப்பட்டணத்தில் டிராக்டர், பொக்லைன் வண்டிகளுக்கு ஹைட்ராலிக் வேலை பார்க்கிறேன். இப்போது பட்டறைக்கு ஒரு படகு வந்திருக்கிறது. அணையில் மீன் குத்தகை எடுத்திருக்கும் ஒருவர் கடலோரத்தில் பழையதாக வாங்கி, சேலம், தொப்பூர் கணவாய் வழியாக டிரெய்லரில் கொண்டுவந்த ஃபைபர் படகு. படகின் பின்புறம் வெளியே மாட்டும் 90 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின். ஸ்டியரிங்கில் கேபிள் கிடையாது, முழுக்க ஹைட்ராலிக்.

கோளாறு இதுதான். ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பின்னால் ஆயில் சொட்டித் தரையெல்லாம் பிசுபிசுப்பு. பின்னால் சிலிண்டர் ராடிலும் ஆயில் பூச்சு தெரிகிறது. சக்கரத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு சுற்று சுற்றிய பிறகுதான் இன்ஜின் அசையத் தொடங்குகிறது. வலது கடைசிக்குத் திருப்பி அழுத்தினால் பஞ்சை அழுத்துவது போல உள்வாங்குகிறது.

டிராக்டரில் என்றால் முன் ஆக்சிலை ஜாக்கி போட்டுத் தூக்கி, இன்ஜினை ஓட விட்டு, இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பினால் காற்று தானாக டேங்குக்குப் போய்விடும். இதில் இன்ஜின் ஓட்டும் பம்பும் இல்லை, தனி டேங்கும் இல்லை. காற்றை எப்படி எடுப்பது? என்ன ஆயில் ஊற்றுவது? கடலோர வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலக்கோடு டிராக்டர்:
அண்ணே, காற்று இருக்கிறது என்றால் உறிஞ்சும் பக்கம் எங்கோ இழுக்கிறது என்று அர்த்தம். பம்புக்குப் போகும் ஹோஸ் கிளாம்பைப் பாருங்கள். ஆயிலுக்கு அலைய வேண்டாம், டிராக்டர் ஹைட்ராலிக் ஆயில் நம்மிடம் பேரல் கணக்கில் இருக்கிறதே, அதையே ஊற்றலாம். வேலை அதேதானே?

பென்னாகரத்தான்:
பாலக்கோட்டுக்கார அண்ணா சொல்வது டிராக்டருக்குச் சரி. ஆனால் இந்தப் படகில் அதை ஊற்ற வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். நான் பென்னாகரம். கொச்சியில் படகுப் பட்டறையில் வேலை. இந்த மாதிரி ஸ்டியரிங் எங்களுக்கு அன்றாடம் வரும். விவரமாகவே எழுதுகிறேன்.

டிராக்டரில் நாம் சக்கரத்தைத் திருப்புவது ஒரு வால்வைத் திறப்பதற்கு மட்டும்தான். அழுத்தத்தை இன்ஜின் பம்பு கொடுக்கிறது. ஆயில் சுற்றி டேங்குக்குத் திரும்பும்போது குமிழ்கள் அங்கே வெளியேறிவிடும். படகில் உங்கள் கைதான் பம்பு. சக்கரத்தின் பின்னால் இருக்கும் ஹெல்முக்குள்ளே சின்னச் சின்ன பிஸ்டன்கள் இருக்கின்றன. ஒரு சுற்றுச் சுற்றினால் பல மாடல்களில் சுமார் 28 மில்லி ஆயிலைத் தள்ளும், அவ்வளவுதான். ஹெல்மின் கூடுதான் டேங்க். அங்கிருந்து இரண்டு ஹோஸ் பின்னால் சிலிண்டருக்குப் போகிறது. ஒன்றில் ஆயில் போனால் மற்றதில் திரும்பி வரும். ஆயில் பெரும்பாலும் அதே ஹோஸுக்குள் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருக்கும். சிலிண்டருக்குள் சிக்கிய குமிழ் ஹெல்ம் வரை வந்து சேரவே சேராது. எவ்வளவு திருப்பினாலும் அது அங்கேயே கிடக்கும். அதனால்தான் சிலிண்டரில் காற்றை வெளியே விடுவதற்கென்றே இருக்கும் நிப்பிளைத் திறந்து எடுக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் மூன்றில் ஒரு சுற்றுக்கும் கணக்கு இருக்கிறது. 28 மில்லியில் மூன்றில் ஒன்று ஏறக்குறைய 9 மில்லி. காற்றின் மேல் அழுத்தம் 20 மடங்கு ஏறினால் அதன் கன அளவு 20-ல் ஒன்றாகச் சுருங்கிவிடும். அதாவது உள்ளே 10 மில்லி காற்று இருந்தால், நீங்கள் தள்ளும் முதல் 9 மில்லி ஆயிலும் அதைச் சுருக்குவதற்கே செலவாகிறது. அதன் பிறகுதான் இன்ஜினுக்கு வேலை போகும். உள்ளே ஒரு பெரிய ஸ்பூன் அளவு காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயில் விஷயம். பெரும்பாலான கைப்பம்பு ஸ்டியரிங்குகளுக்கு ஐஎஸ்ஓ 15 அல்லது 22 தரம். அந்த எண் 40 டிகிரியில் ஆயிலின் பாகுத்தன்மை. டிராக்டர், பொக்லைனில் ஓடுவது 46 அல்லது 68. அவ்வளவு கெட்டியான ஆயிலை ஊற்றினால் சக்கரம் கனக்கும், குமிழ் மேலே ஏற நேரம் எடுக்கும், ஏர் எடுக்கும் வேலை இரட்டிப்பாகும். பிரேக் ஆயில் கூடவே கூடாது. அது உள்ளே இருக்கும் ரப்பர் சீல்களை உப்ப வைத்துக் கெடுத்துவிடும். கியர் பெட்டிக்கு ஊற்றும் ஏடிஎஃப்பையும் சில தயாரிப்பாளர்கள் தங்கள் கையேட்டிலேயே வேண்டாம் என்கிறார்கள். ஹெல்மின் மேல் மாடல் எண் இருக்கும், அதைப் பார்த்து அதற்கான ஆயிலை வாங்குங்கள். இப்போது உள்ளே இருப்பது என்னவென்று தெரியாததால் முழுக்க வெளியேற்றிவிட்டுப் புதிதாக ஊற்றுவதே நல்லது.

ஆனால் அண்ணா, ஏர் எடுக்கும் வேலையை இப்போதே தொடங்க வேண்டாம். மூடிய அமைப்பில் காற்று சும்மா வராது. ஆயில் போன வழியாகத்தான் வந்திருக்கும். கசிவை அடைக்காமல் ஏர் எடுத்தால் சில நாளில் மறுபடி அதே நிலைமை. முதலில் எங்கெல்லாம் ஒழுகுகிறது என்று ஒன்றுவிடாமல் கண்டுபிடியுங்கள்.

காவேரிப்பட்டணத்தான்:
தம்பி, மிக்க நன்றி. இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. கசிவைத் தேட நீங்கள் என்ன செய்வீர்கள்? எல்லாமே ஆயிலில் நனைந்து கிடக்கிறது, எது முதல் எது வழிந்து வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பென்னாகரத்தான்:
எல்லா இணைப்புகளையும் துடைத்து நன்றாகக் காய விடுங்கள். ஒவ்வொன்றின் மேலும் முகத்துக்குப் போடும் பவுடரை மெலிதாகத் தூவுங்கள். சக்கரத்தை ஒரு பக்கக் கடைசிக்குத் திருப்பி அழுத்தத்தோடு பிடித்திருங்கள். அப்புறம் மறுபக்கம். பவுடர் நனைந்து நிறம் மாறும் இடம்தான் மூலம். மேலே இருக்கும் கசிவு வழிந்து கீழே இருக்கும் இணைப்பைக் குற்றவாளியாகக் காட்டும், அதனால் எப்போதும் மேலிருந்து கீழாகப் பாருங்கள்.

வெளியே தெரியாத கசிவும் உண்டு. அதற்குச் சக்கரத்தைத் தொடாமல் இன்ஜினைக் கையால் இரண்டு பக்கமும் தள்ளிப் பாருங்கள். இன்ஜின் கொஞ்சம் அசைந்து, கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்தால் அது காற்று. அசைந்த இடத்திலேயே நின்றுவிட்டால், சக்கரமும் திரும்பவில்லை என்றால், சிலிண்டருக்குள் பிஸ்டன் சீல் விடுகிறது, ஆயில் ஓர் அறையிலிருந்து மறு அறைக்குத் தாவுகிறது. நீங்கள் இன்ஜினைத் தள்ளும்போது முன்னால் சக்கரம் தானாகச் சுற்றினால் ஆயில் திரும்பி வராமல் தடுக்க ஹெல்முக்குள் இருக்கும் செக் வால்வு சரியாக உட்காரவில்லை. நல்ல ஹெல்மில் இன்ஜின் பக்கமிருந்து தள்ளினால் சக்கரம் சுற்றவே கூடாது.

சந்தேகம் தீரவில்லை என்றால் ஹெல்மில் ஹோஸ் மாட்டும் இரண்டு துளைகளையும் பிளக் போட்டு மூடிவிட்டுச் சக்கரத்தைத் திருப்புங்கள். கல் மாதிரி நிற்க வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: முழு பலத்தோடு முறுக்க வேண்டாம். பல ஹெல்ம்களில் அழுத்தம் சுமார் 1000 பிஎஸ்ஐ-யைத் தொட்டால் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு இருக்கிறது. அது திறந்துவிட்டால் நல்ல பம்பும் நழுவுவது போலத்தான் தோன்றும், தேவையில்லாமல் புது ஹெல்ம் வாங்கிவிடுவீர்கள்.

ஓசூர் லேத்:
நான் ஓசூரில் சீல், லேத் வேலை பார்க்கிறேன். படகு தெரியாது, ஆனால் சீல் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதில் நிறைய பேர் பணத்தை வீணாக்குகிறார்கள்.

சக்கரம் மாட்டியிருக்கும் ஹெல்ம் சாஃப்டில் இருப்பது சாதாரண ஆயில் சீலாக இருக்கலாம். அந்தக் கூடு டேங்க் என்று நண்பர் சொல்கிறார், அப்படியானால் அங்கே அழுத்தம் இல்லை. சாதாரண ஆயில் சீல் அரை பார் அழுத்தம் வரை தாங்கும், அங்கே போதும். சீலின் முகத்திலேயே உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றும் அச்சடித்திருக்கும், அதைக் கொண்டு வந்தால் கிருஷ்ணகிரி, ஓசூர் எங்கேயும் கிடைக்கும். ஆனால் சிலிண்டர் ராடுக்கு அளவு பொருந்துகிறதே என்று அதே வகை சீலைப் போட்டுவிடாதீர்கள். அங்கே வருவது பத்துக் கணக்கில் பார். யூ வடிவ உதடு உள்ள ஹைட்ராலிக் சீல்தான் போட வேண்டும், உதடு அழுத்தம் வரும் பக்கம் பார்த்து உட்கார வேண்டும். அதற்கு வெளியே தூசு துடைக்கும் வைப்பர், அதன் உதடு வெளிப்பக்கம் பார்க்கும்.

ராடின் முனையில் மரை இருந்தால், புது சீலை அதன் மேல் தள்ளும் முன் மரையைச் சுற்றி டேப் ஒட்டி ஆயில் தடவுங்கள். மரை விளிம்பு சீல் உதட்டை மெலிதாகக் கிழித்துவிடும், கண்ணுக்குத் தெரியாது, மாட்டிய அன்றைக்கே ஒழுகும். அப்புறம் சீல் மட்டமான சரக்கு என்று கடைக்காரரிடம் சண்டை.

ராடையும் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் மாட்டினால் அங்கே கீறல் அல்லது குழி. மேலோட்டமான பிசிறு என்றால் 1200 நம்பர் எமரித்தாளில் ஆயில் தொட்டுச் சுற்றுவாட்டில் தேய்த்து எடுக்கலாம், நீளவாட்டில் வேண்டாம். குழி ஆழம் என்றால் எந்த சீல் போட்டாலும் நிற்காது.

பாலக்கோடு டிராக்டர்:
லேத்துக்காரர் சொல்வது நூறு சதவீதம். தக்காளி வயலில் ஓடும் டிராக்டரில் ஸ்டியரிங் சிலிண்டர் ராடு மேல் சேறு காய்ந்து கிடக்கும், அப்படியே திருப்புவார்கள், வைப்பர் தேய்ந்து சீல் போய்விடும். படகில் எங்கிருந்து தூசு வரும்?

பென்னாகரத்தான்:
டிரெய்லரில்தான் அண்ணா. கடலில் ராடுக்கு உப்பு எதிரி. நம் ஊரில் ரோட்டுத் தூசு. கிருஷ்ணகிரி சுற்று வட்டாரத்தில் கிரானைட் லாரிகள் ஓடும் ரோட்டில் அந்தப் பொடி எண்ணெய்ப் பசையுள்ள ராடில் ஒட்டினால் எமரிதான் அது. டிரெய்லரில் போகும்போது ராடு முழுக்கச் சிலிண்டருக்கு வெளியே நீட்டாத மாதிரி இன்ஜினை நேராக வைத்து, ராடுக்கு ஒரு துணியைச் சுற்றிக் கட்டிவிட வேண்டும். இன்ஜினின் எடை குலுங்காதபடி முட்டுக்கொடுத்திருக்கவும் வேண்டும். தொப்பூர் இறக்கத்திலும் வேகத்தடைகளிலும் இன்ஜின் ஆடினால் அந்த இடியை வாங்குவது சிலிண்டரும் ஹோஸ் இணைப்புகளும்தான்.

ஊத்தங்கரை வாசி:
நான் மெக்கானிக் இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலில் எங்கள் ஊரில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. அதிலிருந்து எங்கள் பக்கம் இளைஞர்கள் சிலர் பழைய மோட்டார் படகு ஒன்று வாங்கி வைக்கலாமா என்று பேசுகிறோம். வெள்ளத்தில் ஆளை ஏற்றிக்கொண்டு போகும்போது ஸ்டியரிங் இப்படிப் பஞ்சாகிவிட்டால் என்ன ஆகும்? சும்மா நிற்கும் படகிலும் ஆயில் குறையுமா?

பென்னாகரத்தான்:
நல்ல கேள்வி. நிற்கும் படகில் ரப்பர் காய்கிறது, ராடில் துரு அல்லது உப்புப் புள்ளி வருகிறது, ஒரே இடத்தில் சீல் உதடு ஒட்டிக்கொள்கிறது. மாதம் ஒருமுறையாவது சக்கரத்தை இரண்டு கடைசிக்கும் திருப்ப வேண்டும். வெள்ளத்துக்கு என்றே வைத்திருக்கும் படகு என்றால், ஹைட்ராலிக் ஸ்டியரிங்கை விட, பின்னால் உட்கார்ந்து கைப்பிடியால் நேராகத் திருப்பும் சிறிய இன்ஜின்தான் என் தேர்வு. கெட்டுப்போக அதில் ஒன்றுமே இல்லை. ஒட்டனூர், நாகமரை பக்கம் மேட்டூர் அணையின் தேங்கிய நீரில் அக்கரைக்கு ஆள் ஏற்றும் விசைப்படகுகளைப் போய்ப் பாருங்கள், எளிமையான அமைப்பு எவ்வளவு நாள் உழைக்கிறது என்று தெரியும். பெரிய இன்ஜின் என்றால்தான் கைப்பிடியில் கட்டுப்படுத்த முடியாது, ஹைட்ராலிக் தேவைப்படும்.

ஸ்டியரிங் பஞ்சானால் ஓட்டத்தில் படகு ஒரு பக்கம் இழுக்கும், திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டியிருக்கும். சுழிப்பான நீரில் அந்தத் தாமதம் ஆபத்து. சந்தேகம் இருக்கும் படகில் ஆளை ஏற்றவே கூடாது, இதில் சமரசம் இல்லை.

காவேரிப்பட்டணத்தான்:
எல்லோருக்கும் நன்றி. பார்த்தவற்றை எழுதுகிறேன்.

பவுடர் முறையில் மூன்று இடம் சிக்கியது. ஹெல்ம் சாஃப்ட் சீல், சிலிண்டரின் வலது முனை, ஹெல்மின் பின்னால் ஒரு ஹோஸ் இணைப்பு. மூன்றாவது இடம் நான் எதிர்பார்க்காதது. சாஃப்டிலிருந்து வழிந்த ஆயில் அதை மறைத்துக்கொண்டிருந்தது.

இன்ஜினைத் தள்ளிப் பார்த்தேன். ஒரு பக்கம் தள்ளினால் சற்று அசைந்து திரும்பி வருகிறது, அது காற்று. மறுபக்கம் தள்ளினால் சக்கரம் மெதுவாகச் சுற்றுகிறது. தம்பி சொன்ன செக் வால்வு. துளைகளை அடைத்துப் பார்த்ததில் இரண்டு பக்கமும் சக்கரம் கல்லாக நிற்கிறது, ஆக பம்பு நன்றாக இருக்கிறது.

அந்த மூன்றாவது இணைப்பைக் கழற்றினால் மரை முழுக்கக் குழாய்க்காரர்கள் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்.

பென்னாகரத்தான்:
அண்ணா, செக் வால்வைத் திறந்து பாருங்கள். அந்த டேப்பின் துணுக்கு உள்ளே இருக்கும் என்பது என் கணிப்பு. இறுக்கும்போது மரையின் விளிம்பில் டேப் நார் நாராக அறுந்து ஆயிலோடு போகும். தண்ணீர்க் குழாயில் அது வெளியே போய்விடும். இதில் போக இடம் இல்லை, செக் வால்வின் உருண்டைக்கும் இருக்கைக்கும் நடுவே போய் உட்காரும். இந்த ஒரு காரணத்துக்காகவே ஹைட்ராலிக் ஸ்டியரிங்கில் டேப் கூடாது. மரைக்குத் தடவும் திரவ சீலன்ட் போடுங்கள், அதையும் முதல் இரண்டு மரையை விட்டுத் தடவுங்கள். ஓ-ரிங் அல்லது கூம்பு முகம் உள்ள இணைப்பு என்றால் எதுவுமே தடவ வேண்டாம், மரை அங்கே அடைப்பு வேலை செய்வதில்லை.

காவேரிப்பட்டணத்தான்:
உங்கள் கணிப்பே சரி. உருண்டைக்குக் கீழே நூல் போல ஒரு வெள்ளைத் துணுக்கு. எடுத்துவிட்டுப் புது ஆயிலில் கழுவி மாட்டினேன். சாஃப்ட் சீல் கிருஷ்ணகிரியிலேயே கிடைத்தது. ராடு சீல் செட்டை ஓசூரில் அளவு காட்டி வாங்கினேன். ராடில் மெல்லிய பிசிறுதான், எமரியில் போய்விட்டது. இனி ஏர் எடுக்க வேண்டும்.

பென்னாகரத்தான்:
இப்போது சரி. ஆள் இரண்டு பேர் வேண்டும்.

ஹெல்மின் மேல்மூடியைக் கழற்றி, அந்த மரையில் பொருந்தும் குழாயோடு ஆயில் பாட்டிலைத் தலைகீழாக மாட்டுங்கள். பாட்டிலின் அடியில் சின்ன ஓட்டை போட்டால்தான் ஆயில் இறங்கும். பாட்டில் ஒருபோதும் காலியாகக் கூடாது, காலியானால் மறுபடி முதலிலிருந்து. சக்கரத்தை வேகமாகச் சுற்ற வேண்டாம், வேகம் போனால் ஆயில் நுரைக்கும். ஹெல்மில் ஆயில் நிரம்பி, பாட்டில் குழாயில் குமிழ் வருவது நின்ற பிறகு பின்னால் போங்கள்.

சக்கரத்தை வலது பக்கம் கடைசி வரை சுற்றுங்கள். அப்போது சிலிண்டரில் ஓர் அறை முழுக்க நிரம்பும், எதிர் அறை சுருங்கி ஒன்றுமில்லாமல் ஆகும். சுருங்கிய அறையின் நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டிப் பாத்திரத்தில் விடுங்கள். நிப்பிளைத் திறந்துவிடுங்கள். இப்போது ஒருவர் சிலிண்டர் நகராமல் இறுக்கிப் பிடித்திருக்க, இன்னொருவர் சக்கரத்தை இடது பக்கம் சுற்ற வேண்டும். ஆயில் அந்தச் சின்ன அறைக்குள் வந்து நேராக நிப்பிள் வழியே வெளியேறும், போகிற போக்கில் குமிழ்களை அடித்துக்கொண்டு போகும். பிடிக்காமல் விட்டால் அறை விரியும், காற்று உள்ளேயே பரவி நின்றுவிடும். ஏர் போகவில்லை என்று பலர் சொல்வதற்குக் காரணம் இந்தப் பிடி இல்லாததுதான். குமிழ் இல்லாமல் ஆயில் ஒரே சீராக வரும் வரை சுற்றி, சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே நிப்பிளை மூடுங்கள். சுற்றுவதை நிறுத்திவிட்டு மூடினால் காற்று திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் இதையே மறுபக்கம்.

ஹோஸ் நடுவில் எங்காவது மேலே வளைந்து கீழே இறங்கினால் அந்த வளைவில் காற்று தங்கும். பின்னாலிருந்து ஹெல்ம் வரை ஒரே ஏற்றமாக இருக்கும்படி கட்டுங்கள்.

முடிந்ததா என்று பார்க்க, பாட்டிலைக் கழற்றாமல் சக்கரத்தைக் கடைசியில் அழுத்திப் பிடித்துப் பாட்டில் குழாயில் ஆயில் மட்டத்தைக் கவனியுங்கள். மட்டம் இறங்கினால் இன்னும் காற்று இருக்கிறது, அது சுருங்கும் இடத்துக்கு ஆயில் போகிறது. இறங்காவிட்டால் சுத்தம். இரண்டு பக்கமும் ராடு உள்ள சிலிண்டர் என்றால் வலமும் இடமும் சுற்று எண்ணிக்கை ஒன்றாக வர வேண்டும். சிலிண்டர் 140 மில்லி பிடிக்கும் என்றால், 28 மில்லி ஹெல்முக்கு ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிக்கு 5 சுற்று.

ஊத்தங்கரை வாசி:
மூடி வரை நிரப்பிவிடலாமா?

பென்னாகரத்தான்:
கூடாது. மினரல் ஆயில் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.07 சதவீதம் விரியும். மொத்தம் ஒரு லிட்டர் இருந்து, காலைக்கும் நடுமத்தியான வெயிலுக்கும் 30 டிகிரி ஏறினால் 21 மில்லி கூடுதல். நம் பக்கம் மே மாத வெயிலில் மூடாமல் நிறுத்திய படகில் இது சாதாரணம். நிறைய ஊற்றியிருந்தால் அந்த 21 மில்லி காற்றுத்துளை வழியே வழிந்து, சீல் போய்விட்டது என்று பயமுறுத்தும். கையேட்டில் சொன்ன அளவுக்கு மேல் போகாமல், விளிம்பிலிருந்து அரை அங்குலம் போல இடம் விடுங்கள். மேலே ஒரு தார்ப்பாய் போட்டு வையுங்கள்.

காவேரிப்பட்டணத்தான்:
ஏர் எடுத்தாயிற்று. வலது பக்க நிப்பிளில் நுரை நுரையாக நிறைய வந்தது, இடது பக்கம் கொஞ்சம்தான். இப்போது சக்கரத்தைத் தொட்டதும் இன்ஜின் திரும்புகிறது. அழுத்திப் பிடித்தால் குழாயில் மட்டம் அசையவில்லை. இரண்டு பக்கமும் சுற்று ஒன்றாக வருகிறது. இன்ஜினைத் தள்ளினால் சக்கரம் சுற்றவில்லை. பழைய ஆயிலைக் கண்ணாடி ஜாடியில் வைத்துப் பார்த்தேன், பால் மாதிரி வெளுக்கவில்லை, தண்ணீர் கலக்கவில்லை.

குத்தகைக்காரர் நாளைக்கே அணையில் இறக்கலாமா என்று கேட்கிறார்.

பென்னாகரத்தான்:
இரண்டு நாள் பட்டறையிலேயே நிற்கட்டும் அண்ணா. கீழே வெள்ளைத்தாள் விரித்து வையுங்கள், சொட்டு விழுந்தால் தெரியும். காலையிலும் வெயிலிலும் மட்டம் பாருங்கள். நுண்ணிய குமிழ்கள் ஒன்றுசேர்ந்து மேலே வர நேரம் எடுக்கும், அதனால் இரண்டாவது முறை கொஞ்சம் ஏர் எடுக்க வேண்டிவரலாம், அது கோளாறு அல்ல. தண்ணீரில் முதலில் ஓட்டுநர் மட்டும், உயிர்காப்புச் சட்டையோடு, கரையோரமாக, மெதுவான வேகத்தில்.

பாலக்கோடு டிராக்டர்:
ஹோஸ் மாற்ற வேண்டாமா? கடலோரத்தில் இருந்த படகு.

பென்னாகரத்தான்:
ஹோஸ் முனையில் உலோகத்தை நெரித்துப் பிடித்திருக்கும் இடத்தில் பச்சை அல்லது வெள்ளைப் பூப்பு இருந்தால், அல்லது ஹோஸை வளைக்கும்போது மேல்தோலில் வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஓசூரில் பிரஸ் போடும் கடைகளில் செய்யச் சொல்லும்போது உள்துளையை அழுத்தக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்து, இரண்டு முனையும் மூடி போட்டுத் தரச் சொல்லுங்கள். வெட்டும்போது விழும் ரப்பர்த் தூளும் செக் வால்வுக்குத்தான் போய்ச் சேரும்.

காவேரிப்பட்டணத்தான்:
பார்த்தேன். இடது ஹோஸ் முனையில் பச்சைப் பூப்பு இருக்கிறது. குத்தகைக்காரரிடம் சொல்லி இரண்டையும் மாற்றிவிட்டு, மறுபடி ஏர் எடுத்துத்தான் கொடுக்கப் போகிறேன். அதுவரை படகு பட்டறையில்தான்.